கப்பல் என்று எழுதவா, விமானம் என்று எழுதவா

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு வாக்கில், அமீரகத்தின் வடக்குப் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் வேலை பார்த்தேன். எந்த எமிரேட் என்று சொல்லப் போவதில்லை. அந்த ஆபீஸ்களில் அன்று உட்கார்ந்திருந்தவர்கள் இன்றும் அதே நாற்காலியில் இருக்கலாம். அவர்களோடு மறுபடி கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

கோவில்பட்டியில் பி.காம் முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர், ஷார்ட்ஹேண்டில் லோயர் பாஸ் பண்ணியவள் நான். கல்யாணமாகி ஷார்ஜாவுக்கு வந்து இரண்டு வருஷம் சும்மா இருந்து சலித்துப்போய்த்தான் இந்த வேலையில் சேர்ந்தேன். தினமும் ஒரு மணி நேரம் கம்பெனி வேன். பட்டறை கிரீக்கின் கரையில் இருந்தது. கிரீக் என்றால் கடல் நிலத்துக்குள் புகுந்து அகன்று கிடக்கும் கழி. தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும். பட்டறையில் ஃபைபர் படகுகள் செய்தார்கள். ஆட்களுக்கு விசா, லீவு, டிக்கெட், துறைமுகத்துக்குக் கடிதம் எல்லாம் என் பொறுப்பு. அந்த இடத்தில் நான் ஒருத்திதான் பெண். வேலை நிம்மதியாக இருந்தது.

ஒரு நாள் காலை அர்பாப் வந்து என் மேஜை மேல் ஒரு போட்டோவை வைத்தார். அர்பாப் என்றால் முதலாளி. ஐம்பது வயது. நல்ல மனிதர். ஆனால் எதையாவது பார்த்து ஆசைப்பட்டுவிட்டால் அது கைக்கு வரும்வரை தூங்கமாட்டார். எங்களோடு அவர் பேசுவது வளைகுடாவில் எல்லோரும் பேசும் அந்த அரைகுறை ஹிந்தி.

"மேடம், யே க்யா ஹை?"

வெள்ளையாக, குட்டையான இறக்கையோடு ஏதோ தண்ணீர் மேல் நின்றிருந்தது.

"பிளேன், அர்பாப்."

"மாஃபி பிளேன்." மாஃபி என்றால் இல்லை.

"அப்போ போட்."

"மாஃபி போட்" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

அந்தச் சிரிப்பில்தான் என்னுடைய ஏழு மாதக் கஷ்டம் ஆரம்பித்தது.

அது ரஷ்யாவிலிருந்து வரப்போகிறது என்றார். பிறகு நான் தெரிந்துகொண்ட வரையில் விஷயம் இதுதான். விமானத்தின் இறக்கை தண்ணீருக்கு மிக அருகில் வேகமாகப் போனால், இறக்கைக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்று சிக்கி மெத்தை மாதிரி தாங்கும். அந்த மெத்தை மேலேயே சறுக்கிக்கொண்டு போகும்படி ஒரு வண்டியைச் சோவியத் காலத்தில் செய்தார்கள். அவர்கள் மொழியில் அதற்கு எக்ரனோபிளான் என்று பெயர். ராணுவத்துக்காகக் கட்டிடம் கட்டிடமாகச் செய்து காஸ்பியன் கடலில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். தேசம் உடைந்ததும் எல்லாம் நின்றுபோயிற்று. அவற்றைச் செய்தவர்களில் சிலர் எட்டுப் பேர் உட்காரும் சின்ன வண்டி ஒன்றைச் செய்து விற்றார்கள். எங்கள் அர்பாப் வாங்கியது அது. கரையிலிருந்து விருந்தாளிகளைத் தீவு ஹோட்டலுக்குப் பத்து நிமிஷத்தில் கொண்டுபோய் விடுவது அவருடைய திட்டம்.

அடுத்த வாரமே இரண்டு பெரிய பெட்டிகளில் வண்டி வந்தது. அதோடு அதை ஓட்டுவதற்கும் பார்த்துக்கொள்வதற்கும் ஒரு ரஷ்யரும் வந்தார். அறுபதைத் தாண்டியவர். வோல்கா நதிக்கரையில் ஏதோ ஊர். உயரமானவர், முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. எந்த வெயிலிலும் கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் நூறு சொல்லுக்கு மேல் இராது. எதைக் கேட்டாலும் முதலில் "நர்மால்னா" என்பார். பரவாயில்லை, சரியாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம். ரூமில் ஏ.சி. ஓடவில்லையா, நர்மால்னா. ஒரு எஞ்சினில் எண்ணெய் ஒழுகுகிறதா, அதற்கும் நர்மால்னா. இப்படி ஒரு மனிதரிடமிருந்து எந்தத் தகவலையும் வாங்க முடியாது என்பது எனக்கு ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது.

வண்டியைத் தண்ணீரில் இறக்கப் பதிவு எண் வேண்டும். ஒரு கடிதம் டைப் செய்து எடுத்துக்கொண்டு துறைமுக அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திப் போட்டோவைப் பார்த்தார்.

"இதற்கு இறக்கை இருக்கிறது."

"ஆமாம் சார்."

"படகுக்கு இறக்கை கிடையாது. விமானத்துறைக்குப் போங்கள்."

விமானத்துறையில் இருந்தவர் சின்ன வயது, அத்தர் வாசம், நல்ல ஆங்கிலம். எவ்வளவு உயரம் பறக்கும் என்று கேட்டார். ஒரு ஆள் உயரம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு ஆள் உயரத்தில் போவதற்கு நான் வான்வழி அனுமதி தர முடியாது, சிஸ்டர். இது படகு."

மறுபடி துறைமுகம். விமானத்துறை படகு என்று சொன்னதாக எழுத்தில் கொண்டுவா என்றார்கள். விமானத்துறையில் போய்க் கேட்டால், தங்களுக்குச் சம்பந்தமில்லாத பொருளைப் பற்றித் தாங்கள் எப்படி எழுத்தில் கொடுப்பது என்றார்கள். மூன்றாவது தடவை போனபோது துறைமுக அதிகாரி விவரத்தாளை முழுக்கப் படித்தார். அதில் எஞ்சின் என்ற இடத்தில் ரஷ்யக் கார் ஒன்றின் எஞ்சின் பொருத்தப்பட்டிருப்பதாக இருந்தது. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"கார் எஞ்சின் என்றால் டிராஃபிக்கில் கேட்டுப் பார்த்தீர்களா?"

அன்று வேனில் திரும்பும்போது விவரத்தாளைச் சுருட்டி விசிறிக்கொண்டே வந்தேன்.

எனக்கு அரபி எழுதத் தெரியாது. அரசாங்க விண்ணப்பமெல்லாம் அரபியில்தான் போக வேண்டும். அதற்கென்றே ஊருக்கு ஊர் டைப்பிங் சென்டர் உண்டு. எங்கள் பட்டறைக்கு அருகே இருந்ததை நடத்தியவர் கீழக்கரைக்காரர். இருபது வருஷமாக அங்கே இருப்பவர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் டீ வரவழைப்பார்.

"தங்கச்சி, இந்த ஃபாரத்துல ரெண்டே ரெண்டு கட்டந்தான் இருக்கு" என்றார் ஒரு நாள். "கப்பல்னு எழுதவா, விமானம்னு எழுதவா? ஒண்ணச் சொல்லுங்க. மூணாவது கட்டம் நானாப் போட்டா என் லைசென்ஸ் போயிரும்."

"ரெண்டும் இல்ல பாய். அதான பிரச்சனையே."

"ரெண்டும் இல்லாதத எதுக்கும்மா வாங்குனாரு மனுஷன்?"

அந்தக் கேள்வியை நான் அர்பாபிடம் கேட்க முடியாது. வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் ஜெபல் அலியில் கிரேன் சூப்பர்வைசர். நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வந்தவர்.

"அது கப்பலா இருந்தா என்ன, பிளேனா இருந்தா என்ன. ஏ.சி. ரூம்ல உக்காந்து லெட்டர் அடிக்கிற. அதுக்கு ஏன் இவ்வளவு சடவு?"

அன்று ராத்திரி அவருக்கு உப்புமாதான்.

நான் எழுதிய கடிதங்களில் அந்த வண்டிக்கு எத்தனையோ பெயர் வைத்தேன். 'நீரின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் ஊர்தி' என்றேன். 'இறக்கை உதவியுடன் இயங்கும் படகு' என்றேன். ஒரு தடவை கோபத்தில் 'மேற்படி பொருள்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அந்த ஒரு கடிதத்தை மட்டும் யாரும் திருப்பி அனுப்பவில்லை. பதிலும் வரவில்லை.

இதற்கு நடுவில் ரஷ்யர் தினமும் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உப்புக்காற்றில் அலுமினியம் பூத்துப்போகும் என்று நல்ல தண்ணீரில் காலையும் மாலையும் கழுவுவார். ஓட்ட முடியாத வண்டியை மாதக்கணக்கில் கழுவிய மனிதர் அவர். மத்தியானம் என் ஆபீஸ் ரூமில் வந்து உட்கார்ந்து ரொட்டியும் வெள்ளரிக்காயும் சாப்பிடுவார். நான் என் டிபன் பாக்ஸைத் திறப்பேன். எலுமிச்சை சாதத்தை ஒரு நாள் ருசி பார்த்துவிட்டு அதற்கும் நர்மால்னா என்றார்.

அப்படி ஒரு மத்தியானம் நான் போனில் எந்த ஆபீஸுக்கோ இந்த வண்டி என்ன என்பதைப் பதினைந்தாவது தடவையாக விளக்கிவிட்டு ரிசீவரை வைத்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேசினார். அவர் உடைத்து உடைத்துச் சொன்ன ஆங்கிலத்தைத் தமிழில் வைத்தால் இப்படி வரும்:

"நான் பெரிய வண்டியில் வேலை. காஸ்பியனில். பதினெட்டு வருஷம். ரகசியம். என் மனைவிக்குத் தெரியாது. அவள் நினைத்தாள், நான் ஆற்றுப் படகு ரிப்பேர்."

"பதினெட்டு வருஷமுமா?"

"பதினெட்டு. அப்போது சொல்லக் கூடாது. இப்போது நீ தினமும் சொல்கிறாய். யாருக்கும் புரியவில்லை."

எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சல் அன்று கொஞ்சம் குறைந்தது. அது சரியாக ஒரு வாரம் நீடித்தது.

அடுத்த வாரம், துறைமுக அதிகாரி வேறெந்த நாட்டிலாவது இதை எப்படிப் பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டு அனுப்பியிருந்தார். ரஷ்யரிடம் அதைச் சொன்னேன். அவர் எழுந்து தன் ரூமுக்குப் போய் ஒரு தோல் பையைக் கொண்டுவந்தார். அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு பக்கம் கொண்ட ஒரு தாள்கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். எல்லாம் ரஷ்ய எழுத்து.

"இது என்ன?"

"உலகக் கடல் அமைப்பு. பேப்பர். இந்த மாதிரி வண்டி. உயரே ஏற முடியாது என்றால், கப்பல். ஏற முடியும் என்றால், விமானத்துறையும் சேர்ந்து."

நான் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

"இது எப்போதிலிருந்து உங்களிடம் இருக்கிறது?"

"ரஷ்யாவில் இருந்து கொண்டுவந்தேன்."

"நான்கு மாதமாக இந்தப் பையில் இருக்கிறதா?"

"நீ கேட்கவில்லை" என்றார்.

நான் எழுந்து வெளியே போய், பட்டறையின் பின்பக்கம் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் நிழலில் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகையெல்லாம் இல்லை. கையில் எதையாவது எடுத்து எங்காவது வீச வேண்டும் போலிருந்தது. வீசுவதற்கு அங்கே ஃபைபர் தூளைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

தாள்கட்டை துபாய்க்கு அனுப்பி அரபியில் மொழிபெயர்த்து முத்திரை வாங்கினோம். துறைமுக அதிகாரி அதைப் பொறுமையாகப் படித்தார். பிறகு ஒரு விரலை ஒரு வரியில் வைத்தார்.

"உயரே ஏற முடியாவிட்டால் கப்பல் என்று போட்டிருக்கிறது. சரி. இது ஏற முடியாது என்பதை நான் எப்படிச் சொல்வது? எனக்குக் கடல்தான் தெரியும். விமானத்துறைக்காரர் வந்து பார்த்து, இதனால் ஏற முடியாது என்று சொல்லட்டும். நானும் கூட இருக்கிறேன்."

இப்படித்தான் இரண்டு அலுவலகமும் ஒரே நாளில் ஒரே வண்டியில் ஏறுவது என்று முடிவாயிற்று. ஒரு வண்டி பறக்காது என்பதை நிரூபிக்க அதை ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த ஏற்பாட்டுக்கும் நான்தான் கடிதம் அடித்தேன்.

குறித்த நாள் காலை எட்டு மணிக்கு எல்லோரும் கூடினார்கள். ரஷ்யர் மீன் மார்க்கெட்டிலிருந்து ஒரு எடை மெஷினை வாங்கிவந்து படகுத்துறையில் வைத்திருந்தார். ஏறுகிறவர் ஒவ்வொருவரும் எடை பார்க்க வேண்டும், எடைக்குத் தகுந்தபடிதான் சீட் என்றார். அதிகாரிகள் இருவரும் சிரித்துக்கொண்டே ஏறி நின்றார்கள். அர்பாப் ஏறினார். ரஷ்யர் ஒரு காகிதத்தில் கூட்டிக் கழித்துவிட்டுத் தலையை ஆட்டினார். முன்பக்கம் கனம் அதிகம், பின்னால் ஒருவர் வேண்டும். பட்டறையில் இருந்த இருபது ஆண்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவள் சரி. பேசவும் செய்வாள்."

"மேடம், யல்லா" என்று அர்பாப் மெஷின் பக்கம் கையைக் காட்டினார்.

இருபது ஆண்கள் பார்க்க மீன் நிறுக்கும் மெஷினில் ஏறி நின்றேன். ஐம்பத்தெட்டு கிலோ. ரஷ்யர் அதை உரக்கப் படித்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

உள்ளே சின்ன வேன் மாதிரிதான் இருந்தது. முன்னால் இரண்டு பெரிய வளையங்களுக்குள் விசிறிகள். அவைதான் இறக்கைக்கு அடியில் காற்றைத் தள்ளும். எஞ்சின் போட்டதும் மாவு மில்லுக்குள் தலையை விட்டது மாதிரி சத்தம். தண்ணீர் கண்ணாடியில் வாரி அடித்தது. வண்டி தட்டுத்தட்டென்று குலுங்கி ஓடியது. என் டிபன் பாக்ஸை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அது ஏன் கையோடு வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு அந்தக் குலுங்கல் நின்றது. சட்டென்று நின்றது. சத்தம் அப்படியே இருக்க, வண்டி மட்டும் புதுத் தார் ரோட்டில் போவது போல வழுக்கிக்கொண்டு போயிற்று. ஜன்னலில் பார்த்தேன். தண்ணீர் எங்களுக்குக் கீழே ஒரு ஆள் உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் நிழல் அதன் மேல் கூடவே வந்தது. ஓரத்துக் கண்டல் மரங்களிலிருந்து நாரைகள் எழும்பிப் பின்னால் போயின. ஏழு மாதமாக நான் எழுதிய எந்தக் கடிதத்திலும் இது இல்லையே என்று நினைத்தேன். எனக்கு முன்னால் துறைமுக அதிகாரி சீட்டின் கம்பியைப் பிடித்திருந்தார். விமான அதிகாரி பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஜன்னலில் மூக்கை வைத்திருந்தார். ரஷ்யரின் வளைந்த முதுகு நிமிர்ந்திருந்தது.

கிரீக்கின் வாய் வரை போய், மிக அகலமாக வட்டமடித்துத் திரும்பினோம். அதோடு முடிந்திருக்க வேண்டும். விமான அதிகாரி முன்னால் சாய்ந்து, "முழு வேகத்தில் போனாலும் இவ்வளவுதான் உயரமா? அதையும் பார்த்துவிட்டால் நல்லது" என்றார். அர்பாபுக்கு அது போதும். கிரீக்கில் இடம் பற்றாது, வெளியே கடலுக்குப் போவோம் என்று கையைக் காட்டினார்.

"நியெத்" என்றார் ரஷ்யர். திரும்பாமலே என்னிடம் கத்தினார். "சொல். வெளியே அலை. அரை மீட்டருக்கு மேல் அலை என்றால் கூடாது. எஞ்சினுக்குள் உப்புத் தண்ணீர் போகும்."

நான் அர்பாபிடம் ஹிந்தியில் சொன்னேன்.

"எந்த அலை?" என்றார் அர்பாப். "இதற்குப் பெயர் அலையா? மேடம், அவனிடம் சொல், என் அப்பா இந்தக் கடலில் முத்துக் குளித்தவர். எனக்கு அலை தெரியும். இன்றைக்குக் காற்று கொஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான். அவன் விருப்பம்போல மெதுவாகப் போகட்டும், ஆனால் போகட்டும்."

அவ்வளவையும் நான் அந்தச் சத்தத்தில் அந்த நூறு சொல்லுக்குள் சொல்ல வேண்டும். எனக்கு அலுத்துப்போயிருந்தது. எப்படியாவது இன்றோடு இது முடிந்தால் போதும் என்றிருந்தது.

"அலை இல்லையாம், போகலாமாம்" என்று கத்தினேன்.

ரஷ்யர் கிரீக்கின் வாய்ப்பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

கிரீக்கின் வாயைத் தாண்டியதும் முதல் அலை அடியில் தட்டியது. இரண்டாவது தட்டியபோது என் தலை கூரையில் இடித்தது. நுரை எழும்பி வலதுபக்க விசிறிக்குள் போயிற்று. அந்தப் பக்கத்து எஞ்சின் இருமிவிட்டு நின்றது. ரஷ்யர் இன்னொன்றின் வேகத்தையும் குறைத்து வண்டியைத் தண்ணீரில் உட்கார வைத்தார். யாருக்கும் அடிபடவில்லை. அவர் எவ்வளவு லாவகமாக அதைச் செய்தார் என்பது அப்போது எங்களுக்குப் புரியவில்லை. ஒற்றை எஞ்சினை வைத்துக்கொண்டு கரைக்குத் திருப்பப் பார்த்தார். வண்டி இருந்த இடத்திலேயே வட்டம் சுற்றியது. அதையும் நிறுத்திவிட்டார்.

திடீரென்று வந்த அந்த நிசப்தத்தில் கடல் வற்றும் நேரத்து இழுப்பு எங்களை மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டு போவது தெரிந்தது. ரஷ்யர் மேல்கதவைத் திறந்து ஏறி, எஞ்சினைப் பிரிக்க ஆரம்பித்தார். உள்ளே அடுப்புப் போலச் சூடு.

துறைமுக அதிகாரி தன் அலுவலகத்துக்கு மொபைலில் பேசினார். உதவிப் படகு அனுப்பச் சொன்னார். மறுமுனையில் டூட்டியில் இருந்தவர் ஏதோ கேட்டார். அதிகாரியின் முகம் மாறியது. போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"பதிவு எண் கேட்கிறான்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த எண்ணைத் தராமல் ஏழு மாதம் என்னை அலைய விட்டவர் அவர்தான். விமான அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"எண் இல்லாவிட்டால் என்ன, இது படகு பழுது. உங்கள் ஆட்கள் வர வேண்டியதுதானே."

"இறக்கையோடு வந்து கடலில் இறங்கியிருக்கிறது" என்றார் துறைமுக அதிகாரி. "இது அவசரத் தரையிறக்கம். உங்கள் ஆட்கள்தான் வர வேண்டும்."

இருவரும் அரபியில் வேகமாகப் பேசத் தொடங்கினார்கள். அர்பாப் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குள் ஏதோ அறுந்தது. ஏழு மாதமாக ஒவ்வொரு கடிதத்தையும் 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்று ஆரம்பித்தவள் நான்.

"சார்" என்றேன். "இப்போது இது ஓடவும் இல்லை, பறக்கவும் இல்லை. மிதக்கிறது. மிதப்பது யாருடைய இலாகாவோ அவர் போனில் பேசுங்கள். மற்றவர் இந்தத் தண்ணியைக் குடியுங்கள்."

என் பாட்டிலை நீட்டினேன். விமான அதிகாரி வாங்கிக் குடித்தார். துறைமுக அதிகாரி போனை எடுத்து, "என் பெயரை எழுதிக்கொள், எண்ணை நாளைக்குத் தருகிறேன்" என்றார்.

அந்தப் படகு வருவதற்குள் ஒரு மீன்பிடி லாஞ்சு எங்களைப் பார்த்துவிட்டு வந்தது. கூண்டு வலைகளை ஏற்றிக்கொண்டு போன மர லாஞ்சு. அதில் நின்றிருந்த ஆட்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அவர்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"டேய், பிளேன் விழுந்து கெடக்குடா. ஆளுக உசுரோட இருக்காக."

நான் மேல்கதவு வழியாகத் தலையை நீட்டினேன். "அண்ணே, தமிழா?"

"ஆமாக்கா. பாம்பன். நீங்க எந்த ஊரு?"

"கோவில்பட்டி. கொஞ்சம் கரைக்கு இழுத்து விடுறீங்களா?"

"அதுக்கென்ன. கயிறு போடுறோம், மூக்குல கட்டச் சொல்லுங்க. ரெக்கையில கட்டாதீக, பிச்சுக்கிரும்." பிறகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "ஆமா, இது என்ன வண்டிக்கா?"

"தெரியலண்ணே" என்றேன். அன்று அதற்குமேல் விளக்க என்னால் முடியவில்லை.

இரண்டு மணி நேரம் இழுபட்டுக் கரைக்கு வந்தோம். பாம்பன்காரர்கள் எங்களைத் துறையில் விட்டுவிட்டு, கூண்டுகளை இறக்க நேரமாகிறதென்று உடனே திரும்பிவிட்டார்கள். ரஷ்யர் தண்ணீர்க் குழாயை எடுத்து எஞ்சினில் படிந்த உப்பைக் கழுவ ஆரம்பித்தார். அவர் சட்டை முழுக்க நனைந்து எண்ணெய்க் கறையாக இருந்தது. நான் அருகே போனேன். அர்பாப் சொன்னதில் பாதியை நான் சொல்லாமல் விட்டது ஞாபகம் வந்து, திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் பதிவுத்தாள் வந்தது. வகை: படகு. எந்தக் கடிதமும் துறைமுக அதிகாரியை மாற்றவில்லை, கயிற்றில் இழுபட்டு வந்ததுதான் மாற்றியது என்று பாய் சொன்னார். அரபியில் இருந்த முழுத்தாளையும் அவரே தமிழில் எனக்குப் படித்துக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"தங்கச்சி, நிபந்தனை ஒண்ணு இருக்கே."

"என்ன பாய்?"

"கிரீக்குக்குள்ள எல்லாப் படகும் மெதுவாத்தான் போகணும்ல. அலையடிச்சுக் கரை அரிக்கும்னு. இதும் படகுதானே இப்ப. அந்த வேகத்துக்கு மேல போகக்கூடாதாம்."

"அந்த வேகத்துல அது தண்ணிய விட்டு எந்திரிக்காதே பாய்."

"அப்ப வெளிக் கடல்ல ஓட்டச் சொல்லுங்க."

"அங்கதான் அலை."

பாய் தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு டீ சொன்னார்.

நான் பட்டறைக்குத் திரும்பி ரஷ்யரிடம் அதை ஒவ்வொரு சொல்லாக விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வண்டிக்கு உறை போட்டார்.

அர்பாப் வேக வரம்பை மாற்றச் சொல்லி ஆறு கடிதம் எழுத வைத்தார். பிறகு ஒரு குதிரை வாங்கினார். அதோடு அந்தக் கடிதங்களைப் பற்றிக் கேட்பது நின்றது. வண்டியைக் கரையில் ஏற்றி ஒரு கொட்டகைக்குள் வைத்தார்கள். ரஷ்யரின் ஒப்பந்தம் டிசம்பரில் முடிந்தது. அவருக்கு டிக்கெட் எடுத்ததும், விசாவை ரத்து செய்ததும் நான்தான். ஷார்ஜா ஏர்போர்ட் என் வீட்டுக்குப் போகிற வழி என்பதால் அவரோடு அதே வேனில் போனேன்.

ஏர்போர்ட் வாசலில் பெட்டியை இறக்கியதும் நான் ஆரம்பித்தேன். நான்கு மாதமாக அது எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது.

"அன்றைக்குக் கடலுக்குப் போகச் சொன்னபோது, அர்பாப் அலை இல்லை என்று மட்டும் சொல்லவில்லை. காற்று இருக்கிறது, மெதுவாகப் போகட்டும் என்றார். நான் அதையெல்லாம் சொல்லாமல் விட்டுவிட்டேன். என் தப்பு. வண்டி கெட்டது என்னால்தான்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் ஆங்கிலம் புரியவில்லையோ என்று மறுபடி சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குக் கண் இருக்கிறது. அலை நான் பார்த்தேன். நீ சொல்வதற்கு முன்பே பார்த்தேன்."

"பின் ஏன் போனீர்கள்?"

"ஏழு மாதம் கழுவினேன்" என்றார். "எனக்கும் போக வேண்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான்கு மாதம் தினமும் மத்தியானம் என் எதிரில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் சாப்பிட்டிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

"இதை அப்போதே சொல்லக் கூடாதா?"

'நீ கேட்கவில்லை' என்பார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. தன் பெரிய கையால் என் கையைப் பிடித்து ஒரு தடவை குலுக்கினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் வரிசையில் போய் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். பார்க்கிங் இல்லாத இடத்தில் நிறுத்தியிருந்தோம்.